நூலகப் பட்டியலும் அருங்காட்சியகப் பதிவேடும்: யூரோப்பியானாவின் விவரிப்பு மொழி – ஒரு திறனாய்வு

1. நூலகத்தார் எழுதும் பட்டியலும் அருங்காட்சியகத்தார் எழுதும் பதிவேடும் மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரே பணியைச் செய்வன போலத் தோன்றும். இரண்டும் ஒரு பொருளின் பெயர், காலம், இடம், ஆக்கியோன் ஆகியவற்றைக் குறிக்கின்றன. தேடி வருவோர்க்கு வழிகாட்டுகின்றன. ஆயினும் அவை வெவ்வேறு தேவைகளிலிருந்து எழுந்த இருவேறு மொழிவழக்குகள் ஆகும். அச்சிட்ட நூலின் பெயர் அதன் முகப்புப் பக்கத்திலேயே உள்ளது. பட்டியலாளர் அதனைப் பார்த்து எழுதுகிறார். அருங்காட்சியகப் பொருளோ தன் பெயரைத் தானே கூறுவதில்லை; காப்பாளர்தாம் அதற்குப் பெயரிட வேண்டியுள்ளது. முன்னது எடுத்தெழுதும் செயல். பின்னது பெயரிடும் செயல். மேலும், ஒரு நூலின் ஆயிரம் படிகள் ஆயிரம் நூலகங்களில் இருக்கக்கூடும். ஒரு நூலகம் எழுதிய பதிவைப் பிற நூலகங்கள் அப்படியே மேற்கொள்ளலாம். அருங்காட்சியகப் பொருள் பெரும்பாலும் ஒன்றேயாதலின் அதன் பதிவும் தனித்தே எழுதப்பட்டு வந்துள்ளது. நூலகத்துறையில் பொது விதிகள் முன்னரே வளர்ந்தமைக்கும், அருங்காட்சியகத்துறையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சொல்வழக்கு வைத்துக்கொண்டமைக்கும் இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

இவ்விரு வழக்குகளையும் மின்னணுத் தொகுப்பு ஒன்றில் இணைக்கும் முயற்சி தொழில்நுட்பச் சிக்கலாகவே பெரிதும் பேசப்பட்டு வருகிறது. அதன் முதற்சிக்கல் மொழிச்சிக்கல் என்பதை ஐரோப்பிய நாடுகளின் யூரோப்பியானா தொகுப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. யூரோப்பியானா 2008 நவம்பர் 20 அன்று தொடங்கப்பட்டது. முதல் நாளிலேயே வருகையாளர் திரளைத் தாங்க மாட்டாமல் அதன் தளம் மூடப்பட்டது தனிக்கதை. பொருள்களையோ அவற்றின் மூலப் பதிவுகளையோ அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் அனுப்பும் விவரிப்புகளைத் திரட்டி, பொருளின் மின்னணு வடிவம் இருக்கும் இடத்திற்கு வழிகாட்டுவதே அதன் பணி. ஆகவே யூரோப்பியானாவின் உண்மையான உடைமை படங்கள் அல்ல, சொற்களே ஆகும். இன்று 5 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களைப் பற்றிய சொற்கள் அதில் திரண்டுள்ளன.

தொடக்கத்தில் யூரோப்பியானா கையாண்ட விவரிப்பு முறை, 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நிகழ்ந்த பயிலரங்கில் உருப்பெற்ற டப்ளின் கோர் என்னும் முறையின் விரிவே. தலைப்பு, ஆக்கியோன், பொருண்மை, காலம் என்றாற்போன்ற 15 கூறுகள் அதில் உள்ளன. கூறுகள் சில என்பதே அதன் வலிமை. எந்த நிறுவனமும் தன் பதிவை இப்பதினைந்துக்குள் சுருக்கி அனுப்பிவிட முடியும். அவ்வாறு சுருக்கும்போது இழப்பது யாது என்ற கேள்வியைத் தொடக்க காலத்தில் பலரும் எழுப்பவில்லை.

‘தலைப்பு’ என்னும் கூற்றை நோக்குக. நூலகத்தார் அதில் இடுவது சிறப்புப்பெயர். ஒரு நூலைப் பிற நூல்களினின்று பிரித்துக் காட்டுவது. அருங்காட்சியகத்தார்க்குத் தலைப்பு என ஒன்று இல்லாமையின், ‘நாணயம்’, ‘கிண்ணம்’, ‘விளக்கு’ எனப் பொருளின் பொதுப்பெயரை அக்கட்டத்தில் இட்டனர். ஒரே கட்டத்தில் சிறப்புப்பெயரும் பொதுப்பெயரும் கலந்தன. சுட்டும் சொல்லும் வகைப்படுத்தும் சொல்லும் ஒன்றாக எண்ணப்பட்டதன் விளைவாக, தேடுவோர் முன் ‘நாணயம்’ என்னும் ஒரே தலைப்புடைய பதிவுகள் பல்கிப் பெருகின. இதனைத் தரவுப் பிழை என்பதினும் இலக்கணப் பிழை என்பதே பொருந்தும்.

3. ‘ஆக்கியோன்’ என்னும் கூறு இதனினும் ஆழமான சிக்கலை உடையது. தமிழ் இலக்கண மரபு இதனை நன்கு அறிந்திருந்தது. ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’, ‘கொத்தனால் கட்டப்பட்ட கோயில்’ ஆகிய இரண்டிலும் மூன்றாம் வேற்றுமையே வருகிறது. உரையாசிரியர்கள் முன்னதை ஏவுதற்கருத்தா என்றும் பின்னதை இயற்றுதற்கருத்தா என்றும் பிரித்தனர். உருபு ஒன்றாயினும் பொருள் உறவு வேறு என்பது அவர்தம் கொள்கை. டப்ளின் கோரின் ஆக்கியோன் கட்டம் இவ்வுறவுகளைப் பிரிப்பதில்லை. உருபை மட்டும் தந்துவிட்டு, பொருளைப் படிப்போர் ஊகத்திற்கு விட்டுவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் இருந்த சோழர் செப்பேடுகளைக் கொள்ளலாம். பெரிய தொகுதியில் 21 ஏடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டுச் சோழர் முத்திரையுடன் உள்ளன. 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் வழங்கினான். அவ்வாணையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். இதற்கு ஆக்கியோன் யார்? ஆணையிட்ட தந்தையா, பொறிப்பித்த மகனா, வடமொழிப் பகுதியை யாத்த புலவரா, உளி பிடித்த கைவினைஞரா? நால்வரையும் ஆக்கியோன் கட்டத்தில் அடுக்கினால் பதிவு பொய் கூறியதாகாது. ஆனால் எதையும் கூறியதாகவும் ஆகாது.

இப்பொருளின் பெயரும் கருதத்தக்கது. சென்று சேர்ந்த ஊரைக் கொண்டு ‘லெய்டன் செப்பேடுகள்’ எனவும், கொடுக்கப்பட்ட ஊரைக் கொண்டு ‘ஆனைமங்கலச் செப்பேடுகள்’ எனவும் இது வழங்கப்படுகிறது. இவற்றுள் ஒன்றைத் தலைப்பாகவும் மற்றதை மாற்றுத் தலைப்பாகவும் இடுவது வெறும் பட்டியல் விதி அன்று. பொருளின் வரலாற்றில் எக்கட்டத்தை முதன்மையாகக் கொள்வது என்னும் தீர்ப்பு அது. இன்னொன்றும் உண்டு. வளையமும் முத்திரையும் எடையும் கொண்ட இச்செப்பேடுகள் அருங்காட்சியகப் பொருளாகத்தக்கவை. எழுத்துடையன ஆதலின் நூலகத்தில் வைக்கப்பட்டன. நூலகப் பொருள், அருங்காட்சியகப் பொருள் என்னும் பிரிவு பொருளின் இயல்பில் அன்றி அதனைப் பெற்றுக்கொண்ட நிறுவனத்தின் இயல்பில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. இக்குறையை நீக்க முனைந்த முயற்சிகளுள் அருங்காட்சியகத்தாரின் சிடாக் கருத்துருமாதிரி முதன்மையானது. 2006இல் இது 21127 என்னும் எண்ணுடைய பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. டப்ளின் கோர் பெயர்ச்சொற்களால் ஆனது எனின், சிடாக் வினைச்சொற்களால் ஆனது எனலாம். அதில் பொருளுக்கும் மனிதனுக்கும் இடையே நேர் உறவு இல்லை. நிகழ்ச்சி ஒன்று இடையே நிற்கிறது. ஆணையிட்டது ஒரு நிகழ்ச்சி, பொறித்தது மற்றொரு நிகழ்ச்சி, கைமாறியது பிறிதொன்று. ஒவ்வொன்றிற்கும் வினைமுதல், காலம், இடம் தனித்தனியே உண்டு. பொறிக்கப்பட்ட உரை ஒரு பொருளாகவும் அதனைத் தாங்கும் செப்பு வேறொரு பொருளாகவும் பிரித்தெண்ணப்படுகின்றன. வினையை மையமாக வைத்துப் பெயர்களை அதன் பங்கேற்பாளர்களாகக் காணும் வேற்றுமை இலக்கணக் கோட்பாட்டை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று.

நூலகத்தார் 1998இல் வெளியிட்ட மாதிரி வேறு வகையில் நுட்பமானது. படைப்பு, அதன் மொழிவடிவம், வெளியீட்டு வடிவம், கையிலுள்ள படி என நான்கு நிலைகளை அது வகுத்தது. ஒரு நூலின் மொழிபெயர்ப்பு புதிய படைப்பா, பழைய படைப்பின் புதிய மொழிவடிவமா என்னும் வினாவுக்கு அது பின்னதையே விடையாகத் தந்தது. இவ்விடை மொழிபெயர்ப்பாளர்கள் அனைவர்க்கும் உவப்பானதன்று. கம்பனை இதன்படி எங்கு வைப்பது என்பதை எண்ணிப் பார்த்தாலே இடர்ப்பாடு விளங்கும். 2003 முதல் இரு துறையாரும் ஒரு குழுவாக அமர்ந்து தத்தம் மாதிரிகளை இசைவித்தனர். ஒருவர் சொல்லை மற்றவர் மீது ஏற்றாமல், இருவர் சொற்களின் பொருளையும் பிரித்தறிந்து இணைத்த அப்பணியே இக்கூட்டுறவில் உண்மையான அறிவுப்பணி எனத் துணிந்து கூறலாம். தொகுப்புகளின் எண்ணிக்கையைப் பாராட்டுவோர் இதனைப் பேசுவது அரிது.

யூரோப்பியானா தன் தொடக்க முறையைக் கைவிட்டுப் புதிய தரவு மாதிரியை மேற்கொண்டபோது இவற்றுள் சிலவற்றை ஏற்றது. பொருளும் அதன் மின்னணுப் படமும் வேறு வேறாகக் கொள்ளப்பட்டன. ஒரே பொருளைப் பற்றி இரு நிறுவனங்கள் கூறும் விவரங்கள் ஒன்றாகக் கலக்கப்படாமல், எது யார் கூற்று என்பது புலப்படும்படி தனித்தனியே வைக்கப்பட்டன. மொழியியல் நோக்கில் இஃது ஒரு பெரும் முன்னேற்றம். கூற்றையும் கூறுவோனையும் பிரிக்காத பதிவு ஆய்வுக்கு உதவாது. நிகழ்ச்சி என்னும் வகை அம்மாதிரியில் இடம்பெற்றிருப்பினும், நிறுவனங்கள் அனுப்பும் பதிவுகள் பெரும்பாலும் பொருளை மையமாகக் கொண்ட பழைய வடிவிலேயே அமைந்துள்ளன. மாதிரி வளர்ந்த அளவுக்கு எழுதும் வழக்கம் வளரவில்லை.

5. பன்மொழித் தேடலுக்கு யூரோப்பியானா வகுத்த வழியே இங்கு மிகுதியும் விவாதிக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகள் 24. ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒவ்வொரு மொழிக்கும் நேரே மொழிபெயர்ப்பதாயின் 552 திசைகள் வேண்டும். ஆங்கிலத்தை நடுவே நிறுத்தினால் 46 போதும். ஆகவே ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொள்ளும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. கணக்கு சரியானதே. ஆயினும் இடைமொழி என்பது வெறும் வழி அன்று. அது ஒரு சல்லடை. தன்னிடம் வேறுபாடு இல்லாத இடத்தில் இருபுறமும் உள்ள வேறுபாட்டை அது அழித்துவிடும்.

இத்தகைய திட்டம் தமிழ்த் தரவுக்கும் வருமாயின் நிகழக்கூடியது யாது? ‘நூல்’ என்னும் சொல் நூலகத்தில் ஒரு பொருளும், நெசவுக் கருவிகள் வைத்துள்ள அருங்காட்சியகத்தில் மற்றொரு பொருளும் தரும். ‘படி’ என்பது ஓலைச்சுவடிப் பட்டியலில் பிரதியைக் குறிக்கும். அளவைகளின் காட்சியில் மரக்காலுக்கும் நாழிக்கும் உறவான கலத்தைக் குறிக்கும். கட்டடக்கலைப் பதிவில் ஏறும் படியைக் குறிக்கும். தனி நிறுவனத்துள் இருக்கும்வரை இச்சொற்கள் மயங்குவதில்லை. நிறுவனமே சூழலாக நின்று பொருளைத் தெளிவிக்கிறது. தொகுப்புகளை இணைக்கும்போது முதலில் இழக்கப்படுவது இச்சூழல்தான். சூழலிழந்த ஒற்றைச் சொல்லை எந்திரம் ஆங்கிலமாக்கி மீட்டும் தமிழாக்கும்போது வருவதை ஊகிப்பது கடினமன்று.

இதற்கு மாற்றாக உள்ளது சொற்களஞ்சிய முறை. கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணின் கீழ் பல மொழிச் சொற்கள் நிற்கின்றன. டச்சு, ஸ்பானியம், சீனம் ஆகிய மொழிகளில் அதற்கு ஆக்கங்கள் உள்ளன. இங்கு நடுவில் நிற்பது மொழியன்று, எண். ஆனால் எண்ணுக்கும் ஒரு தாய்மொழி உண்டு என்பதை மறத்தல் ஆகாது. கருத்துகளின் படிநிலை முதலில் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்டதே. சோழர் கல்வெட்டுகளின் ‘திருமேனி’யை அதில் சிலையாக வைப்பதா, உருவமாக வைப்பதா, வழிபாட்டுப் பொருளாக வைப்பதா? ஒவ்வொன்றும் ஒரு கூற்றைச் சேர்த்து மற்றொன்றை விடுகிறது. 2009இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட ஸ்காஸ் முறை இங்கு உதவக்கூடியது. இரு சொற்கள் முற்றும் ஒக்குமா, ஏறத்தாழ ஒக்குமா, ஒன்று மற்றதனினும் விரிந்ததா என உறவைத் தரம்பிரித்துக் கூற அது இடம் தருகிறது. அகராதித் தொகுப்பில் பழகியவர்க்கு இது அன்றாடப் பணி. ஆனால் அவர்களை இப்பணியில் காண்பது அரிது.

6. இந்தியாவில் நிலைமை வேறு வகையில் தொடங்கியது. அருங்காட்சியகங்களுக்கெனப் புனேயின் சிடாக் மையம் ‘ஜதன்’ என்னும் மென்பொருளை உருவாக்கியது (இது மேற்கூறிய சிடாக் மாதிரியினின்றும் வேறானது, பெயர் ஒற்றுமை தமிழ் எழுத்தில் மட்டுமே). நூலகத் தரவுகளைக் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் தேசிய மின்னணு நூலகம் திரட்டியது. இருசாரார்க்கும் பொதுவான தளமாக இந்தியப் பண்பாட்டு இணையதளம் 2019இல் வந்தது. இவற்றின் அளவும் உழைப்பும் பாராட்டுக்குரியவை. ஆயினும் அருங்காட்சியகப் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இந்திய மொழிகள் பதிவு முடிந்தபின் சேர்க்கப்படும் மொழிபெயர்ப்பாகக் கருதப்படுகின்றன.

இம்முறை தலைகீழானது. பொருள்களை விவரிக்கும் சொல்வளம் இம்மொழிகளில் முன்னரே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இராசராசனும் அவனைச் சார்ந்தோரும் அளித்த செப்புத் திருமேனிகள், பாதம் முதல் கேசம் வரை முழத்தாலும் விரலாலும் அளந்த உயரம், கைகளின் எண்ணிக்கை, பீடம், பிரபை ஆகிய விவரங்களுடன் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியப்பட்டுள்ளன. அளித்தவர் யார் என்பதும் ஆங்காங்கே தனித்துக் கூறப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பொருட்பதிவேடு அது. அதன் சொற்களைத் தொகுத்து, கருத்துகளுக்கு எண்ணிட்டு, பிற இந்திய மொழிச் சொற்களோடும் கெட்டிக் களஞ்சியத்தோடும் உறவுபடுத்தினால், மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடத்தில் மட்டும் நிகழும்.

அப்பணியைத் தொடங்குவதற்குக் கல்வெட்டே தக்க பொருள். கல் கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ இருக்கிறது. அதன் மைப்படி கல்வெட்டுத் துறையில் இருக்கிறது. பதிப்பித்த பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியாக நூலகத்தில் இருக்கிறது. மைப்படியின் மின்னணுப் படம் வேறொரு தளத்தில் இருக்கிறது. கல் சிதைந்துள்ள இடத்தில் மைப்படியே மூலமாகிவிடுகிறது. மைப்படியில் தெளிவில்லாத எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து அடைப்புக்குறிக்குள் இடுகிறார். இந்நான்கும் ஒரே பதிவாக இணைக்கப்படின் ஊகம் எது, கண்டது எது என்பது மறையும். நான்கு தனிப் பதிவுகளாக விடப்படின் அவற்றின் உறவு மறையும். எது எதன் படி, யார் எடுத்தது, எந்த ஆண்டில், அன்று கல் எந்நிலையில் இருந்தது என்னும் வினாக்களுக்கு இடமளிக்கும் கட்டங்கள் மேற்கூறிய தளங்களின் பொதுத் தேடலில் புலப்படவில்லை.