வேலியோரப் பூவும் மாடித்தொட்டிப் பூவும்

பங்குனி பிறந்தால் யாழ்ப்பாணத்து வளவுகளில் முதலில் நிறம் மாறுவது வேலிதான். இலை கொட்டி நிற்கும் முள்முருக்கின் கொப்பு நுனிகளில் சிவப்புக் கொத்துகள் வரும். பக்கத்தில் பூவரசு காலையில் மஞ்சளாகப் பூத்து, பொழுதுபடும்போது செம்மை ஏறி வாடும். இவற்றை அழகுக்கென்று யாரும் நட்டதில்லை. கிடுகோ பனையோலையோ கட்டி அடைப்பதற்குக் கதியால் வேண்டும். ஊன்றிய தடி மாரி மழைக்கு வேர் விட்டு மரமாகிவிடுகிறது. ஆட்டுக்குக் குழை, கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் என்று வருடம் முழுக்க வெட்டுப்பட்ட பிறகும், வேனில் வந்தால் அது பூக்கத்தான் செய்கிறது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், மதுரையிலும் இதே வடகீழ்ப் பருவமழைதான், இதே சித்திரை வெயில்தான். முள்முருக்கும் அங்கே உண்டு. கல்யாண முருங்கை என்பார்கள், இலையை அரிசியோடு அரைத்துச் சளிக்கு அடை சுடுவார்கள். ஆனால் நகரத்து வீட்டுக்கு வேலி கிடையாது, காம்பவுண்டுச் சுவர்தான். இரண்டு மூன்று சென்ட் மனையில் வீடும் வண்டி நிறுத்தும் இடமும் போக மண் தெரியும் இடம் அரிது. சுவரோரம் ஒரு செம்பருத்தியும் அரளியும் நின்றால் பெரிது. மற்றதெல்லாம் மொட்டை மாடித் தொட்டிகளுக்கு ஏறிவிட்டன. சுவருக்கு வெளியே நீளும் கிளையில் உள்ள பூ வீட்டுக்காரருக்குக் கிடைப்பதுமில்லை. விடியற்காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் பிளாஸ்டிக் பைக்குள் அது போய்விடுகிறது. கடவுளுக்குப் பறித்தால் திருட்டில்லை என்பது சென்னையிலும் மதுரையிலும் எழுதாத சட்டம்.

இரண்டு பக்கத்துக்கும் உண்மையான வித்தியாசம் தெரிவது மல்லிகையில். தமிழ்நாட்டில் அது வயலில் விளையும் பயிர். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்கு நாற்று வருவதோ இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து மணலிலிருந்து, மன்னாருக்கு நேர் எதிர்க்கரையிலிருந்து. நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், வெறும் குச்சிகள். மல்லிகை பூப்பது புதுத் தளிரின் நுனியில். பழைய கொடியை எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு தளிர் வரும். மார்ச்சில் மொட்டு கட்டத் தொடங்கி ஜூன் வரை கூடை கூடையாக இறங்கும். தொட்டியில் ஒற்றைச் செடி வைத்திருக்கும் அம்மாக்கள்கூட இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு கத்தரிக்கோலோடு நிற்கிறார்கள். அப்படியும் தலையில் வைக்கும் பூ தெருமுனையில் முழக்கணக்கில் வாங்குவதாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மல்லிகைக்குப் பந்தல். வாசலில் நாலு கால் நட்டுக் கொடியை ஏற்றிவிட்டால் அதன் பிறகு கத்தி படாது. பந்தலின் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டு இருப்பதற்கு அது நல்ல இடம். ஆனால் வருடக்கணக்காக முற்றிய கொடி இலையைத்தான் சுமக்கும், பூ மேலே எட்டாத உயரத்தில் அங்கொன்று இங்கொன்று. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே பெண்கள் நாள்தோறும் பூச்சூடுவதில்லை. கோயில், கலியாணம், விசேடம் என்றால்தான். விடியக் குளித்துவிட்டுப் பூ ஆய்வது சாமித்தட்டுக்கு. அதற்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் முற்றத்திலேயே நிற்கின்றன. கிணற்றடித் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் அவற்றுக்கும் பாய்கிறது. பூவுக்காகச் சந்தைக்குப் போகாத வீடு அங்கே சாதாரணம்.

சமையலுக்கு வந்தால் வேப்பம்பூ. யாழ்ப்பாணத்தில் பங்குனி, சித்திரையில் வேம்பின் கீழ் பழைய சேலையை விரித்து வைப்பார்கள். காற்றுக்கு விழுந்த பூவை அள்ளிக் காம்பும் தூசியும் போகக் கொழித்து, உழுந்து மாவோடு வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்துப் பிசைந்து தட்டி வெயிலில் காய விடுவார்கள். அதுதான் வேப்பம்பூ வடகம். பொரித்தால் கசப்பு பின்னால்தான் தெரியும், முதலில் மொறுமொறுப்பு. மழைக்காலம் வரை போத்தலில் இருக்கும். தமிழ்நாட்டில் இதே பூ வருடப்பிறப்புப் பச்சடியில் மாங்காயோடும் வெல்லத்தோடும் சேரும், மற்ற நாட்களில் நெய்யில் வறுபட்டு ரசத்தில் மிதக்கும். அதற்கு ஒரு கைப்பிடி போதும். அந்தக் கைப்பிடியை நாட்டு மருந்துக் கடைப் பொட்டலமாக வாங்குபவர்களே இன்று அதிகம்.

இந்த வித்தியாசம் நெடுநாள் நிற்காது. வெளிநாட்டுக் காசு வர வர யாழ்ப்பாணத்தில் வேலிகள் மதிலாகின்றன. மதிலோரம் கடதாசிப் பூ நிற்கிறது, முள்முருக்கு நிற்பதில்லை. வருடப்பிறப்பில் தலையில் வைத்து முழுகும் மருத்துநீருக்குத் தாழம்பூவும் மாதுளம்பூவும் தேடிய வீடுகளும் இப்போது கோயிலில் காய்ச்சியதைப் போத்தலில் வாங்கி வருகின்றன. மதிலைக் குறை சொல்ல மனமில்லை; வருடா வருடம் வேலி அடைக்க ஆளுக்கும் ஓலைக்கும் எங்கே போவது? ஆனால் மதில் கட்டுமுன் ஒரு மூலையிலாவது நாலு கதியாலை விட்டுவைக்கலாம்.

செடியை வெட்டத் தெரிந்தவர்கள் மதுரைக்காரர்கள், பூவை வீட்டுக்குள் புழங்கத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தார் என்பது என் தீர்ப்பு. பந்தல் வைத்திருப்பவர்கள் மார்கழியில் மழை ஓய்ந்ததும் துணிந்து கத்தியை எடுங்கள். மாடித்தொட்டிக்காரர்கள் மல்லியை நிழலிலிருந்து முழு வெயிலுக்கு நகர்த்துங்கள், நிழலில் இலைதான் மிஞ்சும். பக்கத்துக் கோயில் வளவிலோ பள்ளிக்கூட வளவிலோ ஒரு வேம்பு இருந்தால், வரும் பங்குனியில் கேட்டுக்கொண்டு அதன் கீழ் ஒரு பழைய வேட்டியை விரியுங்கள். பொட்டலத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.