பிராங்கி லைமன்: பாட்டில் யார் பெயர், கல்லறையில் யார் பெயர்

பிராங்கி லைமனைப் பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். 13 வயதில் உலகப் புகழ், பிறகு ஹெராயின், 25 வயதில் சாவு. “பாவம், கிடைச்சதைக் கெடுத்துக்கிட்டான்” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நாமும் நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பெருமூச்சின் மேல்தான் சந்தேகம். ஊசியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்தப் பாட்டின் வரவு யாருக்குப் போனது என்று நாம் பேசுவதில்லை.

முதலில் பாட்டு. ‘ஒய் டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ 1956 ஜனவரியில் வெளிவந்தது. பாடியது ‘தி டீனேஜர்ஸ்’ என்ற ஐந்து நியூயார்க் பையன்கள். வாத்தியத்தின் வேலையையும் குரல்களே செய்யும் ‘டூ-வாப்’ வகைப் பாட்டு இது. கேட்டுப் பாருங்கள்: ஷெர்மன் கார்ன்ஸின் அடிக்குரல் தனியாகத் தொடங்கும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், அப்புறம் எல்லாருக்கும் மேலே லைமன் குரல் ஏறும். குரல் சிறுவனுடையது. பாடும் விதம் அப்படி இல்லை. எங்கே இழுக்கணும், எங்கே சட்டென்று வெட்டணும் என்று தெரிந்தவர் பாடுகிற மாதிரி இருக்கும். அந்த வருஷமே பிரிட்டனில் முதலிடம்.

கம்பெனி விற்றது அந்தக் குரலை மட்டுமல்ல, கள்ளமில்லாத ஒரு பிள்ளையையும் சேர்த்துத்தான். அதே ஆண்டு ‘ராக், ராக், ராக்!’ படத்தில் அவரைப் பாட வைத்த பாட்டின் பொருளே “நான் தறுதலைப் பிள்ளை இல்லை” என்பது. 1967-ல் ‘எபோனி’ பத்திரிகையிடம் லைமன் சொன்னது வேறு: மேடையில் குழந்தை நட்சத்திரம் என்று விளம்பரம் செய்தார்களே தவிர, தான் குழந்தையாக இருந்ததே இல்லை என்றார். ஹார்லெமில் வறுமையில் வளர்ந்த பையன். 1957-ல் குழுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பாட வைத்தார்கள். குரல் உடைந்தது. விற்ற சரக்கு தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

இனி பெயர் விவகாரம். முதலில் வந்த இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்களாக லைமன், ஹெர்மன் சாண்டியாகோ, தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் ஆகியோர் பெயர்கள் இருந்தன. பின்னால் சாண்டியாகோ பெயர் போனது. கோல்ட்னரின் கம்பெனிகள் மோரிஸ் லெவி கைக்கு மாறிய பிறகு, கோல்ட்னர் இடத்தில் லெவி பெயர் வந்தது. லெவி பாட்டு எழுதுபவர் அல்ல, கம்பெனி முதலாளி.

1981-ல் டயானா ராஸ் இதே பாட்டைத் திரும்பப் பாடி வெற்றி பெற்றதும் பணம் மறுபடி பேச ஆரம்பித்தது. லைமனின் மனைவி நான்தான் என்று மூன்று பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 1990-ல் மேல்முறையீட்டில் வென்றவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆசிரியை எமிரா ஈகிள். 1998-ல் வந்த படம் இந்த மூவர் சண்டையைத்தான் நடுவில் வைத்தது. பார்க்கச் சுவாரசியம்தான். ஆனால் என் கணக்கில் பெரிய வழக்கு இன்னொன்று. சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்டும் தொடுத்தது. லைமனோடு சேர்ந்து அவர்களும்தான் பாட்டை எழுதினார்கள் என்று 1992-ல் ஜூரி சொன்னது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர்கள் எழுதவில்லை என்று அல்ல. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்ற காரணத்தால். பாட்டு லைமன், லெவி பெயரிலேயே நின்றது.

இதையெல்லாம் பார்க்க லைமன் இல்லை. ராணுவத்தில் இருந்தபோது 1967-ல் எமிராவை மணந்தார். மறுபடி பாட நியூயார்க் திரும்பினார். 1968 பிப்ரவரி 27 அன்று ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறைத் தரையில் இறந்து கிடந்தார். மறுநாளோ ஒலிப்பதிவுக்குப் போக வேண்டியவர்.

பிராங்க்ஸில் உள்ள செயின்ட் ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பல ஆண்டுகள் அங்கே பெயர்க்கல்லே கிடையாது. 1980-களில் நியூ ஜெர்சியில் ஒரு இசைத்தட்டுக் கடைக்காரர் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிக் கல் செய்தார். அந்தக் கல் கல்லறைக்குப் போகாமல் கடையிலேயே தூசி படிந்து கிடந்தது. இப்போது அங்கே இருப்பது எமிரா பிற்பாடு வைத்தது. அதில் பெயர், இரண்டு தேதிகள், ‘என் கணவர்’ என்ற சொல். பாடகர் என்று இல்லை, பாட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பெயரை வைத்து நடந்த அத்தனை வியாபாரத்திலும், அவர் குரலைக் கேட்காமல் எழுதப்பட்ட ஒரே வரி அதுதான். பாட்டைப் பற்றிய வரி இசைத்தட்டில் இருக்க வேண்டியது. அங்கே சாண்டியாகோ, மெர்ச்சன்ட் பெயர்கள் இன்னும் வர வேண்டியிருக்கிறது.