இடைமுகக் கருவித்தொகுதிகளும் உடைமை உறவுகளும்: ஒரு நோக்கு

கணினித் திரையிற் காணும் சாளரம், பொத்தான், பட்டி ஆகியவற்றை மென்பொருளாக்குவோர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படைப்பதில்லை. அவற்றை ஆயத்தமாக வழங்கும் கருவித்தொகுதியொன்றன் மீதே தம் ஆக்கத்தை அமைக்கின்றனர். லினக்ஸ், விண்டோஸ், மக் ஆகிய தளங்கள் அனைத்திலும் இயங்கவேண்டிய திறந்தமூல மென்பொருளுக்கு எத்தொகுதியைத் தெரிவது என்பது பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே கொள்ளப்படுகிறது. இது அரைகுறை நோக்காகும். கருவித்தொகுதி ஓர் உற்பத்திச் சாதனம். எனவே அதன் உடைமை யாரிடமுள்ளது, அதனைப் பேணும் உழைப்பு யாருடையது என்னும் வினாக்களும் உடனெழுகின்றன.

1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடக்கிய கே.டீ.ஈ. திட்டம், நோர்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் ‘கியூட்’ தொகுதியைத் தெரிந்தது. அதன் மூலநிரலைப் படிக்கலாம். ஆனால் திருத்திய வடிவத்தை விநியோகிக்கும் உரிமை அன்று இருக்கவில்லை. இதற்கு மறுப்பாக 1997இல் க்னோம் திட்டம் தோன்றி, ‘கிம்ப்’ என்னும் பட மென்பொருளுக்கென உருவான கட்டற்ற ஜீ.ரீ.கே. தொகுதியைக் கைக்கொண்டது. 1998இல் நிறுவனம் கே.டீ.ஈ.யினருடன் ஒப்பந்தமொன்று செய்தது. 2000இல் கியூட் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. இதனை நிறுவனத்தின் பெருந்தன்மையாக மட்டும் நாம் கொள்ளவியலாது. எதிரணியொன்று உருவாகியமையின் அழுத்தமும் இதிற் கருதத்தக்கது.

எனினும் உரிமத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வது வரட்டுவாதமாகும். ஜீ.ரீ.கே.யின் உரிமம் தொடக்கமுதற் கட்டற்றது. ஆயின் அதற்கான உழைப்பு பெரிதும் லினக்ஸ் தளத்திலேயே குவிந்தது. வலையமைப்பை ஆராயும் ‘வயர்ஷார்க்’ மென்பொருள், மக் தளத்தில் நேர்ந்த இடர்ப்பாடுகள் முதலியவற்றால் ஜீ.ரீ.கே.யை விட்டு, 2015இல் வெளியான தன் 2.0 பதிப்பிற் கியூட்டுக்கு மாறியது. கிம்ப்பின் அனுபவம் இதனினும் கூர்மையானது. ஜீ.ரீ.கே.யின் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளியானது. எந்த மென்பொருளுக்காக அத்தொகுதி பிறந்ததோ அந்தக் கிம்ப், அப்பதிப்பின்மீது அமைந்து வெளிவந்தது 2025இலேயே. அதற்குள் 2020இல் நான்காம் பதிப்பும் வந்துவிட்டது. சட்டம் தந்த சுதந்திரத்தைப் பயன்படுத்தப் போதிய கைகள் இருக்கவில்லை.

மறுபுறம் கியூட், 2008இல் நொக்கியாவுக்கும் 2012இல் டிஜியாவுக்கும் கைமாறியது. 2021 முதல் 5.15ஆம் பதிப்பின் நீண்டகாலத் திருத்தங்கள் பணம் செலுத்துவோருக்கே முதலில் வழங்கப்பட்டன. கே.டீ.ஈ.யினர் தமக்கு வேண்டிய திருத்தங்களைத் தாமே தொகுத்துப் பேணலாயினர். உரிமமும் கூட்டுழைப்பும் ஒருங்கே இருந்தமையாலேயே இது இயன்றது.

ஆகவே, சிறந்த தொகுதி எதுவெனப் பொதுப்படக் கேட்பது பொருளற்றது. உடைமையாளர் கைவிட்டாலும் மீட்டெடுக்கும் சட்டவுரிமை உண்டா? அவ்வுரிமையைச் செயற்படுத்தும் உழைப்பாளர் உளரா? பயன்படுத்துவோர் வாழும் தளங்கள் அனைத்தையும் அவ்வுழைப்பு எட்டுகிறதா? இம்மூன்றையும் ஒருங்கே வினவாத தெரிவு, தன்னார்வலரின் பல்லாண்டு உழைப்பைப் பிறர் முடிவுகளுக்கு அடகுவைப்பதாகவே முடியும்.