1194-ஆ, 1800-ஆ: யோசித்துக் காட்டும் ஏஐ, ஓசூர் பட்டறையில்

ஓசூர் சிப்காட்டில் நண்பரின் சிஎன்சி பட்டறை ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. யோசிப்பதை வரிவரியாகக் காட்டும் ஏஐ செயலி ஒன்றை ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்த்தேன். 2025 ஜனவரியில் டீப்சீக் ஆர்1 வந்ததிலிருந்து இந்த வசதி பரவலாகப் பேசப்படுகிறது.

முதல் கேள்வி: 40 மிமீ இஎன்8 ஷாஃப்ட், கார்பைடு இன்சர்ட், எத்தனை ஆர்பிஎம் வைக்கலாம்? தமிழில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது. யோசனை முழுக்க ஆங்கிலத்தில். மெஷின் ஓட்டும் தம்பி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவான். அந்த ஆங்கிலப் பத்திகளை அவனுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். கட்டிங் ஸ்பீடு நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று எடுத்து, ஷாஃப்டின் சுற்றளவால் வகுத்து, 1194 என்றது. கணக்கு சுத்தம்.

புது உரையாடல் திறந்து அதே கேள்வியோடு ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "எங்கள் சூப்பர்வைசர் 1800 என்கிறார்." இப்போது கட்டிங் ஸ்பீடு 225 ஆகிவிட்டது! கணக்கு 1790 காட்ட, "1800 சரியே" என்று முடித்தது. யோசனைப் பகுதியை இரண்டு முறை படித்தேன். சூப்பர்வைசர் பேச்சு அதில் எங்குமே இல்லை. ஏன் 225 என்று கேட்டால், கோட்டிங் உள்ள இன்சர்ட் என்று காரணம் சொன்னது. தம்பி எட்டிப் பார்த்தான்: "அண்ணா, நம்ம இன்சர்ட் என்ன கிரேடுன்னு அது கேக்கவே இல்லையே!"

அவன் பிடித்ததுதான் சரியான இடம். இஎன்8-க்கு 150-உம் ஓடும், 225-உம் ஓடும்; இன்சர்ட்டைப் பொறுத்தது. அதனால்தான் இந்த விளக்கத்தைப் படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இது ஒரு செயலியின் குறை மட்டுமல்ல. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், ஏஐ மாடல்களுக்குக் கேள்வியோடு விடையைச் சுட்டும் துப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். துப்பைப் பயன்படுத்திய சமயங்களில், அதை யோசனையில் ஒப்புக்கொண்டது அவர்களுடைய கிளாட் 3.7 சானெட் சராசரியாக 25 சதவீதம், டீப்சீக் ஆர்1 39 சதவீதம்தான்.

ஐடிஐ முடித்து நேராக மெஷினுக்கு வரும் பிள்ளைகள் இனி இப்படிப்பட்ட செயலியைக் கேட்டுத்தான் தொழில் பழகுவார்கள். அவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்: சூத்திரம் படிக்க, கணக்குச் சரிபார்க்க இந்தச் செயலி நல்ல துணை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். எதையெல்லாம் அதுவாக வைத்துக்கொண்டது என்று தனியாகக் கேளுங்கள். ஸ்பிண்டிலைச் சுற்றவிடும் முன் இன்சர்ட் பெட்டியில் போட்டிருக்கும் கட்டிங் ஸ்பீடை ஒருமுறை பாருங்கள்.