மணிமேகலையில் ‘பாவனை’: மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கல்

மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் தம் உரையை முடிக்குமிடத்து, வெகுளியைக் களைய மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றையும், மயக்கத்தைக் கடியச் சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை ஆகியவற்றையும் சுட்டுகிறார். கல்வியும் தியானமும் இரக்கமும் சில அடிகளுக்குள் அடுத்தடுத்து வைக்கப்பெறும் இடம் இது. பாலி மரபில் முதல் மூன்றுடன் நான்காவதாக எண்ணப்படும் உபேக்கை இங்கு இல்லை. மொழிபெயர்ப்பில் அதனைச் சேர்த்து எழுதுவது மூலத்தைத் திருத்துவதாகும்.

இச்சொற்கள் தமிழில் வழங்குவனவே என்பதுதான் இடர்ப்பாடு. ‘சுருதி’ என்றதும் இன்றைய வாசகர்க்கு வேதமோ இசையோ நினைவுக்கு வரும். சாத்தனார் கருதியதோ கேட்டறிந்த கல்வி. ‘பாவனை’யின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழகத்தில் அது பாசாங்கையும் போலச் செய்தலையும் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் பயன்பாடு என்று பொருள்படுகிறது. நுகர்வோர் அங்குப் ‘பாவனையாளர்’. ஆகவே மூலச்சொல்லை அப்படியே நிறுத்துவது எளிதன்று.

இதற்கு மாற்றாகத் ‘தியானம்’ என்று எழுதுவது பெருவழக்கு. இது பொருளைக் குறுக்குகிறது. ‘பூ’ என்னும் வடமொழி வினையடியின் பிறவினை வடிவிலிருந்து வந்த பாவனை, ஒன்றை உண்டாக்கி வளர்த்தலைக் குறிப்பது. கண்மூடி அமர்தல் அதன் ஒரு கூறு மட்டுமே.

காப்பியத்தின் நிகழ்ச்சி வரிசையும் இங்கு நோக்கத்தக்கது. மணிமேகலை இவ்வுரையைக் கேட்பதற்கு நெடுமுன்னரே அமுதசுரபியை ஏந்தி ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள். காயசண்டிகையின் யானைத்தீயைத் தணிக்கிறாள். உலகவறவியில் பசித்தோர்க்கு உணவிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் வேண்டுகிறாள். கருணை அவளுக்குக் கோட்பாடாகச் சொல்லப்படுமுன் அன்றாடத் தொழிலாகப் பழகிவிட்டது. ‘தியானம்’ என்னும் பெயர்ப்பு, அத்தொழிலை விட்டு விலகி வேறொன்றைத் தொடங்குமாறு அடிகள் பணிப்பதான தோற்றத்தைத் தருகிறது. காதையின் இறுதியில் அவள் தவம் பூண்டு நோற்பதால் அச்சொல் முற்றிலும் பொருந்தாது எனவும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் நோன்பைக் குறிக்க நூலில் வேறு சொல் இருக்கிறது.

‘பயிலல்’ என்பது இவ்விடத்திற்கு ஓரளவு நெருங்கி வருகிறது. இடைவிடாது செய்து பழகுதல் என்னும் பொருள் அதில் உண்டு. கற்றல் என்னும் பொருளும் அதற்கு இருப்பதால் சுருதியோடு மயங்கும் என்பர். சுருதியைக் ‘கேள்வி’ எனப் பெயர்த்தால் அம்மயக்கம் நீங்கும். கேள்விச் செல்வம் தமிழுக்குப் புதிதன்று. தரிசனைக்குக் ‘காட்சி’ போதும்.