சேற்றின் சேமிப்பு

கண்டி நகரின் மஹய்யாவயில் வாழ்பவருக்குக் காடு என்றால் பக்கத்து உடவத்தகெலேதான்: ஓங்கிய மரம், பெருங்கொடி, நிழல். கண்டியை வளைத்துப் போகும் மகாவலி, 335 கிலோமீற்றர் ஓட்டத்தை முடித்துக் கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. அந்தக் கரையோரக் களப்புகளில் வளரும் கண்டல் காட்டின் அழகு வேறு வகை. அதை வேரிலிருந்து ரசிக்க வேண்டும்.

கண்டல் மரம் வளைந்த ஊன்றுவேர்களில் நிற்கும். அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகத் தொங்கிச் சேற்றில் விழும். கண்ணா மரமோ பென்சில் நட்டதுபோல் மூச்சுவேர்களை மேலே நீட்டும். உறிஞ்சிய உப்பை இலைவழி கசியவிடும். தில்லை சற்று மேட்டில் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இவற்றின் பெருஞ்சேமிப்பு மண்ணுக்குள். நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் குறைவு; விழுந்த இலையும் செத்த வேரும் எளிதில் மக்குவதில்லை. அவற்றிலுள்ள கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும். இந்தோ-பசுபிக்கின் 25 கண்டல் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டெயருக்குச் சராசரியாக 1,023 தொன் கார்பன் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரும்பங்கு மண்ணில்.

இந்தக் காடுகளின் அருமையை உணர்த்த, 2016இல் சிலாபத்துக்கு அருகே பம்பலையில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். நாற்று நடுவதும் நல்லதே; ஆனால் அலை ஏறும் உயரம், உப்பின் அளவு பார்த்து, எந்த மரத்துக்கு எந்த இடம் என்று அறிந்து நட்டால்தான் பிழைக்கும்.