தார்ச்சாலையின் எடைக்கணக்கு

சாலை போடும் வேலையில் அழகான இடம், தார்க்கலவைக்குப் போடும் எடைக்கணக்கு. நீளம் 100 மீட்டர், அகலம் 3.75 மீட்டர், கனம் 40 மில்லிமீட்டர். பெருக்கினால் 15 கன மீட்டர். ரோலர் ஓடி இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன். ஆக, 36 டன். அதில் தார் ஏறக்குறைய 2 டன்தான். மற்றதெல்லாம் ஜல்லியும் கல்தூளும்.

கலவையைப் பரப்பிய சூட்டோடு கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள். சுமார் 50 மில்லிமீட்டர் இறங்கினால்தான் ரோலர் ஓடியபின் 40 நிற்கும். லாரிகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டி, போட்ட நீளத்தோடு ஒப்பிட்டால் கனம் குறைந்ததா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஆறிய கலவை சரியாக இறுகாது. அதனால் மிஞ்சினாலும் நட்டம்தான்.

உங்கள் தெருவில் சாலை போடும்போது எடைச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது.